ஷட்டருக்கு முத்திரை வைப்பது யார்?



வரி, லைசென்ஸ், உணவுப் பாதுகாப்பு, ஆன்லைன் வியாபாரம் என்று இந்தப் பக்கங்களில் நாம் பேசாத பிரச்சினை இல்லை. அவை எல்லாம் வெளியிலிருந்து நம் கடைக்கு வருகிற தொல்லைகள். இம்முறை, நம் கடை வாசலிலேயே நம் தலைக்கு மேல் சுருண்டு கிடக்கிற ஒன்றைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். காலையில் சாமி கும்பிட்டுவிட்டு முதலில் கை வைப்பதும் அதில்தான். இரவில் கல்லாவைப் பூட்டிய பிறகு கடைசியாகக் கை வைப்பதும் அதில்தான். நம் கடை ஷட்டரைத்தான் சொல்கிறேன்.

என் தகப்பனார் காலத்தில் கள்ளக்குறிச்சிக் கடைவீதியில் பலகைக் கதவுகள் இருந்தன. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் எழுதிய பலகைகளை மேலும் கீழும் உள்ள காடியில் வரிசையாகச் செருகி, குறுக்கே இரும்புப் பட்டை போட்டுப் பூட்டுவார்கள். கடை திறக்கக் கால் மணி நேரம் ஆகும். ஆனால் பலகை யார் தலையிலும் தானாக வந்து விழுந்ததில்லை. பிறகு ரோலிங் ஷட்டர் வந்தது. ஒரே இழுப்பில் கடை திறந்தது, ஒரே இழுப்பில் மூடியது. வசதி வந்ததோடு ஓர் ஆபத்தும் வந்தது. அதை நாம் கவனிக்கவில்லை. பலகையைப் போல ஷட்டரையும் வெறும் கதவு என்றே எண்ணிக்கொண்டோம்.

அது கதவு அல்ல, இயந்திரம். பத்தடி அகலம், எட்டடி உயரமுள்ள சாதாரணக் கடை ஷட்டரின் தகடு மட்டுமே எழுபது, எண்பது கிலோ இருக்கும். தகடு கனமானால் நூறு கிலோவையும் தொடும். அதாவது 25 கிலோ அரிசிச் சிப்பம் மூன்று நான்கைக் கயிற்றில் கட்டி வாசலுக்கு மேல் தொங்கவிட்டதற்குச் சமம். இவ்வளவு எடையை மெலிந்த ஒரு பையன் ஒற்றைக் கையால் தூக்குகிறானே, எப்படி? தூக்குவது அவன் கை அல்ல. மேலே பைப்பில் சுற்றியிருக்கிற ஸ்பிரிங் தூக்குகிறது. ஷட்டர் இறங்க இறங்க ஸ்பிரிங் முறுக்கேறும். ஏற்றும்போது அந்த முறுக்கு அவிழ்ந்து எடையைத் தாங்கிக்கொள்ளும். ஸ்பிரிங் தளர்ந்தால் எடை நம் கைக்கு வரும். ஸ்பிரிங் அறுந்தால், கீழே யார் நிற்கிறாரோ அவர் மேல் வரும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. என் கடையில் நடந்ததைச் சொல்லாமல் உங்களுக்கு அறிவுரை கூற எனக்குத் தகுதி இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், தை மாதம், பொங்கல் நேரம். வெல்லம் ஏற்றிய லாரி விடியற்காலையில் வந்து நின்றது. கடையில் தங்கியிருந்த பையன், கல்வராயன் மலையில் கரியாலூர்ப் பக்கத்தைச் சேர்ந்தவன், வயது இருபது இருக்கும். ஷட்டரைத் தலைக்கு மேலே ஏற்றி, மேல் கொக்கியில் மாட்டாமல், ஒரு கையால் பிடித்தபடியே டிரைவரிடம் ஏதோ சொல்லத் திரும்பினான். மேலே ‘டங்’கென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். உடம்பை விலக்கிக்கொண்டான், கையை விலக்க முடியவில்லை. வலது கையில் இரண்டு விரல்கள் கீழ்ப் பட்டைக்கும் வாசல்படிக்கும் நடுவில் சிக்கி நசுங்கிவிட்டன.

ஆஸ்பத்திரியில் அவன் அழவில்லை. என்னைப் பார்த்து, “போன மாசத்துலேருந்தே சொல்லிட்டுதான் இருந்தேனுங்க முதலாளி, ஷட்டர் கனமா இருக்குன்னு” என்றான். ஆமாம், சொன்னான். மூன்று முறை சொன்னான். “பொங்கல் முடியட்டும், பார்க்கலாம்” என்று நான்தான் சொன்னேன். ஸ்பிரிங் மாற்ற ஆன செலவு, பொங்கல் சமயத்தில் ஒரு நாள் வெல்ல வியாபாரத்தில் கிடைக்கும் லாபத்துக்குள் அடங்கிவிட்டது. வைத்தியத்துக்கு ஆனது அதைப்போல் பல மடங்கு. அதையும் கொடுத்தேன், மேலும் கொடுத்தேன். ஆனால் பொட்டலம் மடித்து நூல் சுற்றுவதில் கடைவீதியிலேயே அவனுக்கு நிகர் கிடையாது. இன்று அவன் தராசில்தான் நிற்கிறான். நூல் சுற்ற வேறு ஆள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பணம் என் கணக்கில் தீர்ந்ததாகத் தோன்றவில்லை.

வணிகப் பெருமக்களே, நம் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் குறித்த காலத்தில் முத்திரை வைக்கிறோம். ஆய்வாளர் வந்து பார்ப்பார், வைக்காவிட்டால் அபராதம் என்ற பயம் இருக்கிறது. ஷட்டருக்கு ஆய்வாளர் யாரும் வருவதில்லை. பயம் இல்லாத இடத்தில் நம் கவனமும் இல்லை. ஆயுத பூஜையன்று ஷட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம், பூச்சரம் மாட்டுகிறோம். எண்ணெய் வைக்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகவே என் யோசனை இதுதான். அமாவாசைதோறும் கடை வாசலில் பூசணிக்காய் சுற்றி உடைக்கிற வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அன்று பத்து நிமிடம் ஷட்டருக்கும் ஒதுக்குங்கள். இதற்கு மெக்கானிக் தேவையில்லை. கண்ணும் காதும் போதும். கீழ்க்கண்டவற்றைப் பாருங்கள்.

1. ஷட்டரை ஏற்றி இறக்கும்போது போன மாதத்தைவிடக் கனமாக இருக்கிறதா? பாதி உயரத்தில் நிறுத்தி, கீழே யாரும் இல்லாமல், காலையும் விலக்கி வைத்துக்கொண்டு, பிடியை மெல்லத் தளர்த்திப் பாருங்கள். சரியாக உள்ள ஷட்டர் அநேகமாக அங்கேயே நிற்கும், அல்லது மெதுவாக நகரும். தடாலென்று இறங்கினால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, அல்லது இருக்கிற ஸ்பிரிங்குகளில் ஒன்று போய்விட்டது என்று பொருள். ஒன்று போனால் மற்றதன் மேல் பாரம் ஏறும். அதுவும் சீக்கிரம் போகும்.

2. ஒரு பக்கம் தாழ்ந்து கோணலாக இறங்குகிறதா? பட்டைத் தகடுகள் பக்கவாட்டில் நகர்ந்து கைடு சேனலை உரசுகின்றனவா? சரக்கு இறக்க வந்த டெம்போ பின்பக்கமாக வந்து சேனலில் இடித்திருந்தால், வளைவு சிறிதாக இருந்தாலும் விட்டுவிடக் கூடாது. வளைந்த சேனலில் சிக்கி நிற்கிற ஷட்டர், எந்த நிமிடத்தில் விடுபட்டு விழும் என்று சொல்ல முடியாது.

3. மேலே பைப்பைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட்டுகள் சுவரில் இறுக்கமாக இருக்கின்றனவா? சுற்றிலும் பூச்சு விரிசல் விட்டிருந்தால் போல்ட் ஆடுகிறது என்று அர்த்தம். பழைய சுண்ணாம்புச் சுவரில் பிற்காலத்தில் ஷட்டர் மாட்டிய கடைக்காரர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

4. கீழ்ப் பட்டையும் சேனலின் அடியும் துருப்பிடித்துள்ளனவா? நாம் தினமும் வாசல் தெளிக்கிறோம், தண்ணீர் அங்கேதான் தேங்குகிறது. மளிகைக் கடையில் இன்னொரு சங்கடமும் உண்டு. உப்பு மூட்டையை ஷட்டர் ஓரமாகவே அடுக்குகிறோம். உப்பு கசிந்து இரும்பைத் தின்றுவிடும். மூட்டையை நான்கு அடி உள்ளே தள்ளி வையுங்கள்.

5. மாவுத் தூளும் தவிட்டுத் தூசியும் சேனலில் படிந்திருக்கும். அதன் மேலேயே கிரீஸ் தடவினால் பசையாகி ஷட்டரைப் பிடித்துக்கொள்ளும். முதலில் துணியால் துடைத்து, பிறகு கொஞ்சமாக எண்ணெய் விடுங்கள்.

6. விளம்பரப் பலகைக்கும் தீபாவளி சீரியல் விளக்குக்கும் போகிற மின்கம்பி, ஷட்டர் சுருளுக்கோ சேனலுக்கோ பக்கத்தில் போகிறதா? தகடு உரசி ஒயரின் மேலுறை கிழிந்தால் முழு ஷட்டரிலும் மின்சாரம் பாயும். மழைக்காலத்தில் ஈரக் கையோடு திறக்கப் போகிறவருக்கு ஆபத்து. எலக்ட்ரீஷியனை வைத்துக் கம்பியை மாற்றி விடுங்கள்.

இந்த ஆறில் எதிலாவது குறை தெரிந்தால் ஷட்டர் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். ஒன்றை மட்டும் கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். ஸ்பிரிங்கில் நீங்களும் கை வைக்காதீர்கள், கடைப் பையனையும் ஏணியில் ஏற்றாதீர்கள். முறுக்கேறிய ஸ்பிரிங்கை அவிழ்ப்பதற்கு அதற்கான கருவியும் பழகிய கையும் வேண்டும். பிடி நழுவினால் கம்பி சுழன்று அடிக்கிற அடியில் கை போகும், முகம் போகும். மெக்கானிக் வரும்வரை அந்த ஷட்டரைத் திறக்காமல் இருப்பதே நல்லது. திறந்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு பேர் சேர்ந்து ஏற்றி, அடியில் உறுதியான முட்டுக் கொடுத்த பிறகே ஆட்களை உள்ளே விடுங்கள்.

புதிதாகக் கடை கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உலோக ரோலிங் ஷட்டர்களுக்கென்று ஐ.எஸ். 6248 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. மத்தியப் பொதுப்பணித் துறையின் கட்டுமான விதிமுறை, 10 சதுர மீட்டர் வரையுள்ள ஷட்டரைக் கையால் இழுக்கும் வகையாக அமைக்கலாம் என்றும், அதற்கு மேற்பட்டதைப் பொதுவாகக் கியர் வைத்துச் செயினாலோ கைப்பிடியாலோ இயக்க வேண்டும் என்றும் சொல்கிறது. 10 சதுர மீட்டர் என்றால் ஏறத்தாழ 12 அடி அகலம், 9 அடி உயரம். நம் குடோன்களில் லாரி உள்ளே போகும்படி 14 அடி, 16 அடி அகலத்துக்கு ஷட்டர் போட்டுவிட்டு, கியர் செலவை மிச்சம் பிடித்து, இரண்டு சுமைதூக்கும் தொழிலாளர்களின் தோளை நம்பி அதைத் திறக்கிறோம். இது சிக்கனம் அல்ல. செலவை அவர்கள் முதுகுத்தண்டின் மேல் எழுதிவைப்பது.

இனி, சொல்லவே மனம் கனக்கிற ஒரு விஷயம்.

மலையிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வேலைக்கு வருகிறவர்களை இரவில் கடைக்குள்ளேயே தங்கவைக்கிறோம். அவர்களுக்கு அறை வாடகை மிச்சம், நமக்குக் காவல். அதில் தவறில்லை. ஆனால் உள்ளே ஆளை வைத்துக்கொண்டு வெளியே ஷட்டரைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்கள் நம்மில் இன்னும் இருக்கிறார்கள். திருட்டுப் பயம் ஒரு காரணம். பையன் இரவில் சினிமாவுக்குப் போய்விடுவான் என்பது இன்னொரு காரணம்.

புனே நகரில் கோந்துவா பகுதியில் 2016 டிசம்பர் 30 விடியற்காலையில் ஒரு பேக்கரியில் தீப்பிடித்தது. உள்ளே தூங்கிய ஆறு தொழிலாளர்கள் இறந்தார்கள். கடை வெளியே பூட்டப்பட்டிருந்தது. அதே புனேவுக்கு அருகில் உருளி தேவாச்சியில் 2019 மே 9 அன்று ஒரு ஜவுளிக் கடையில் தீ. உள்ளே தூங்கிய ஐந்து பேர் இறந்தார்கள். அங்கும் வெளிப்பூட்டு. அவர்கள் முதலாளிகளும் நம்மைப் போல ‘ஒன்றும் ஆகாது’ என்றுதான் எண்ணியிருப்பார்கள்.

தீ எவ்வளவு வேகமானது என்று நம் மாவட்டத்துக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தீபாவளிக்குச் சில நாட்களே இருந்தபோது, 2021 அக்டோபர் 26 அன்று, சங்கராபுரத்தில் பட்டாசு இருந்த கடையில் ஏற்பட்ட தீயும் வெடியும் பல உயிர்களைக் குடித்ததை நாம் மறந்துவிடவில்லை. எண்ணெய் டின், சாக்கு, அட்டைப் பெட்டி, கற்பூரம், தீப்பெட்டி எல்லாம் நிறைந்தது மளிகைக் கடை. அங்கே உள்ளே இருப்பவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். அந்த நேரத்தில் வீட்டிலிருந்து சாவி வந்து சேராது.

இதில் நடுவழி கிடையாது என்பது என் கருத்து. ஆள் உள்ளே இருந்தால் வெளிப்பூட்டு கூடாது. பூட்டு உள்பக்கம் இருக்கட்டும், சாவி தூங்குகிறவர் தலைமாட்டில் இருக்கட்டும். முடிந்தால் பின்பக்கம் ஒரு கதவு, அல்லது ஷட்டரிலேயே ஆள் நுழையும் சிறு கதவு வைத்துக்கொள்ளுங்கள். சாவி கொடுக்க நம்பிக்கை இல்லையென்றால் அந்த ஆளை உள்ளே படுக்கவைக்காதீர்கள். ஒருவரிடம் கடையை ஒப்படைக்கிறோம், சாவியை ஒப்படைக்க மாட்டோம் என்றால், நாம் வைத்திருப்பது காவலாளி அல்ல, கைதி.

இப்போது வீட்டு வாசலுக்கு வருவோம். கீழே கார் ஷெட், மேலே வீடு என்று கட்டுகிற வியாபாரிகள் நம் ஊரிலும் பெருகிவிட்டார்கள். கார் ஷெட்டுக்கு மோட்டார் ஷட்டர், கையில் ரிமோட். பேரப்பிள்ளைகளுக்கு அது விளையாட்டுப் பொருள். மோட்டாருக்குக் கண் இல்லை. அடியில் கல் இருக்கிறதா, குழந்தை இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட தானியங்கிக் கதவுகளில் சிக்கிப் பல குழந்தைகள் இறந்த பிறகு சட்டம் கொண்டுவந்தார்கள். 1993 ஜனவரி 1 முதல் அங்கே தயாராகும் வீட்டுக் கார் ஷெட் கதவு மோட்டார்கள், எதிலாவது தட்டினால் தானாகவே திரும்பி மேலே போகும் வசதியோடு இருக்க வேண்டும். அதோடு, குறுக்கே ஏதாவது வந்தால் உணரும் ஒளிக்கதிர்க் கண்ணோ, அதற்கு ஈடான வேறு காப்போ இருக்க வேண்டும்.

நம் ஊரில் மோட்டார் வாங்கும்போது குதிரைத்திறனும் விலையும் கேட்கிறோம். இந்தக் கண் இருக்கிறதா என்று கேட்பதில்லை. கேட்டு வாங்குங்கள். மாட்டிய பிறகு மாதம் ஒருமுறை, ஷட்டர் இறங்கும்போது எட்ட நின்று ஒரு துடைப்பக் கட்டையைக் கதிருக்குக் குறுக்கே நீட்டிப் பாருங்கள். ஷட்டர் நிற்க வேண்டும், அல்லது மேலே திரும்ப வேண்டும். இல்லையென்றால் சரிசெய்யும்வரை ரிமோட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள். சுவர் சுவிட்ச் குழந்தைக்கு எட்டாத உயரத்தில், ஷட்டர் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் இருக்க வேண்டும். கரண்ட் போனால் கையால் திறக்கும் செயினை இயக்க வீட்டுப் பெண்களுக்கும் கற்றுக்கொடுங்கள். நாம் கடையில் இருக்கும் நேரத்தில்தான் கரண்ட் போகும்.

“எல்லாம் சரி ஐயா, கடை வாடகைக் கடை. ஷட்டர் கட்டிட உரிமையாளருடையது. அவர் செய்யட்டும்” என்று பலர் சொல்வது எனக்குத் தெரியும். உரிமையாளரைக் கேட்டால், “தினமும் ஏற்றி இறக்குவது அவர்தானே” என்கிறார். இருவர் வாதத்துக்கும் நடுவே ஷட்டர் தொங்குகிறது. 2017-ல் இயற்றப்பட்டு 2019-ல் நடைமுறைக்கு வந்த தமிழகத்தின் புதிய வாடகைச் சட்டம், ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. அந்த ஒப்பந்தத்தில் ஷட்டருக்கென்று இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: எண்ணெய், சுத்தம், சிறு பழுது வாடகைதாரர் பொறுப்பு, ஸ்பிரிங், பைப், பிராக்கெட், சேனல் மாற்றுவது உரிமையாளர் பொறுப்பு. அதற்கும் அவர் இழுத்தடித்தால் நீங்களே செய்து பில்லை வாடகையில் கழிக்கப் பேசி முடியுங்கள். வழக்கு நடத்த நாள் இருக்கிறது. அறுந்த ஸ்பிரிங் வாய்தா கேட்காது.

சங்க நிர்வாகிகளுக்கும் என் தாழ்மையான வேண்டுகோள் உண்டு. மே 5 வணிகர் தினத்தன்று கடைகளை அடைத்துவிட்டு மாநாட்டுக்குப் போகிறோம். அதற்கு முந்தைய வாரத்தை ‘ஷட்டர் வார’மாக அறிவிக்கலாம். மெக்கானிக் இரண்டு பேரைச் சங்கமே பேசி அமர்த்தி, தெரு தெருவாக எல்லாக் கடைகளையும் பார்க்கச் சொன்னால், தனித்தனியே கூப்பிடுவதைவிடக் கூலி குறையும். கள்ளக்குறிச்சியோடு நிறுத்தாமல் சின்னசேலம், தியாகதுருகம், சங்கராபுரம் சங்கங்களும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

குறிப்பாக வெள்ளிமலையிலும் மற்ற மலைக் கிராமங்களிலும் கடை வைத்திருக்கும் நம் சகோதரர்களை மறக்கக் கூடாது. அங்கே பனியும் மழையும் சமவெளியைவிட அதிகம். இரும்பு சீக்கிரம் துருப்பிடிக்கும். ஒரு ஷட்டருக்காகக் கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறி வர எந்த மெக்கானிக்கும் எளிதில் சம்மதிப்பதில்லை. அதனால் அறுந்த ஸ்பிரிங்கோடும், மூங்கில் முட்டோடும் அவர்கள் காலம் தள்ளுகிறார்கள். பத்துக் கடை சேர்ந்து ஒரே நாளில் கூப்பிட்டால் மெக்கானிக் வருவார். அந்த ஏற்பாட்டைச் சங்கம்தான் செய்ய முடியும்.

வியாபாரத்தில் நஷ்டம் வந்தால் அடுத்த பருவத்தில் எடுத்துவிடலாம். கடன் நின்றால் வசூலித்துவிடலாம். போன விரலை எந்தப் பருவத்திலும் எடுக்க முடியாது என்பதை என் கடைத் தராசு தினமும் எனக்குச் சொல்கிறது. உங்கள் கடைப் பையன் நாளைக் காலை, “ஷட்டர் கனமா இருக்குங்க முதலாளி” என்று சொன்னால், “பண்டிகை முடியட்டும்” என்று சொல்லாதீர்கள். அன்றே போனை எடுங்கள்.

ஷட்டருக்கு முத்திரை வைக்க எந்த ஆய்வாளரும் வரப்போவதில்லை. அந்த முத்திரையை நாமே வைப்போம்.

இப்படிக்கு,
கள்ளக்குறிச்சி மளிகை வணிகர் ஒருவர்